ஏழு ரோஜாக்களுக்கு இடமாற்றம்

ஸ்ரீகண்டன் முப்பத்தொரு வருஷம் மற்றவர்களை ஊர் ஊராக அனுப்பியவர். மாநில அரசில் ஊழியர்களின் இடமாற்றங்களைப் பார்க்கும் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அதே பிரிவில், அதே ஜன்னலோரத்தில் அண்டர் செக்ரெட்டரியாக ஓய்வு பெற்றார். நடுவில் எத்தனையோ பேரை மாநிலத்தின் மூலைகளில் இருக்கும் பீதருக்கும் கார்வாருக்கும் சாம்ராஜ்நகருக்கும் மாற்றினார். குழந்தைக்குப் பரீட்சை, மாமியாருக்கு ஆபரேஷன் என்று யாராவது கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தால், "ஜாயின் பண்ணிட்டு அப்புறம் மனு குடுங்க" என்பார். தான் மட்டும் மல்லேஸ்வரத்தில் அப்பா கட்டிய வீட்டை விட்டு ஒரு நாள்கூட வேறு ஊரில் வேலை பார்த்ததில்லை. அது தற்செயல் என்று அவர் சொல்லிக்கொள்வார். ஆபீஸில் வேறு மாதிரி சொல்லிக்கொள்வார்கள்.

அப்பேர்ப்பட்டவர், ஓய்வு பெற்று எட்டு வருஷம் கழித்து, இந்த ஜூலையில் இன்னும் ஒரு உத்தரவு போட்டார். நாகசந்திரா மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு சின்ன அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் ஃப்ளாட் ஒன்றைப் பார்த்து, பிடித்துப்போய், பத்திரமும் பதிவு பண்ணிவிட்டு வீட்டுக்கு வந்தார். மனைவி அனந்தலக்ஷ்மி காபி கொண்டுவந்து வைத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்.

"ஜனவரியில ஷிஃப்ட் ஆகறோம்."

"யாரு?"

"நாமதான்."

"நாமன்னா? நீங்களும் இன்னொருத்தர் யாரு?"

ஸ்ரீகண்டன் இந்த மாதிரி கேள்விகளை எதிர்பார்த்து ஒரு ஃபைலே தயார் பண்ணி வைத்திருந்தார். சிவப்பு நாடா கட்டிய ஃபைல். உள்ளே ஒன்பது காரணங்கள், எண் போட்டு. மெட்ரோ பக்கம். மருந்துக்கடை பக்கம். படி இல்லை. கூரை ஒழுகாது. இப்படி ஒன்பது. அவர் படிக்கப் படிக்க அனந்தலக்ஷ்மி எட்டு வரைக்கும் கேட்டாள். ஒன்பதாவது வருவதற்குள் பூண்டு உரிக்க எழுந்து போய்விட்டாள். அந்த வீட்டில் பூண்டு சேர்க்கும் வழக்கமே கிடையாது என்பதை ஸ்ரீகண்டன் கவனிக்கத் தவறவில்லை. மருந்துக்காக இரண்டு பல் வைத்திருந்ததை எடுத்து உரித்துக்கொண்டிருந்தாள். கோபம் அந்த அளவுக்கு.

உண்மையான காரணம் அந்த ஒன்பதில் இல்லை. போன வருஷம் ஆடி மாதம், மழை விட்ட ஒரு காலையில், பின்கட்டுப் படியில் பாசி வழுக்கி அனந்தலக்ஷ்மி விழுந்தாள். வலது மணிக்கட்டில் விரிசல். சத்தம் கேட்டு ஓடியவர் அவளைத் தூக்கப் பார்த்தார். முடியவில்லை. மறுபடி பார்த்தார். அப்போதும் முடியவில்லை. பக்கத்து வீட்டு மமதா வந்து தூக்கிவிடும் வரைக்கும், கால் மணி நேரம், இரண்டு பேரும் ஈரப் படியில் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். வலியில் அவள் "ஒண்ணுமில்லே, ஒண்ணுமில்லே" என்று அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் கால் மணி நேரத்தில் ஸ்ரீகண்டன் பயந்த பயம் அவருக்கு மட்டும்தான் தெரியும். அதை எண் போட்டு எழுத அவருக்கு வரவில்லை.

இரண்டு நாள் கழித்து அனந்தலக்ஷ்மியே வாயைத் திறந்தாள். "நான் போயிட்டா இந்த ரோஜாவை யாரு பாத்துப்பா?"

வாசல் மதில் ஓரமாக ஏழு ரோஜாச் செடிகள் இருந்தன. இருபத்திரண்டு வருஷத்தில் ஒவ்வொன்றாக அவள் வைத்தவை. கருஞ்சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, மஞ்சள் இரண்டு, பேர் தெரியாத ஆரஞ்சு ஒன்று, விளிம்பில் மட்டும் சிவப்பு தடவிய க்ரீம் நிறம் ஒன்று, கடைசியில் ஒரு பன்னீர் ரோஜா. அடித்தண்டெல்லாம் கட்டை விரல் கனத்துக்கு மேல் இருக்கும்.

"கூட்டிண்டு போயிடலாம்," என்றார் ஸ்ரீகண்டன். "ஃப்ளாட்டுக்குப் பின்னாடி நமக்குன்னு நாலடி மண்ணு விட்டிருக்கான்."

"வளர்ந்த செடியைப் பிடுங்கி வேற இடத்துல வச்சா பொழைக்குமா?"

"ஏன் பொழைக்காது?"

"அப்போ சரி. அது அங்கே பொழைக்கட்டும். ஏழுல நாலு தளிர் விட்டா நானும் வரேன். இல்லேன்னா நீங்க அங்கே இருங்கோ, நான் இங்கே இருக்கேன். ஞாயித்துக்கிழமை வந்து சாப்பிட்டுட்டுப் போங்கோ."

சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தால் ஸ்ரீகண்டன் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார். அவள் சிரிக்கவில்லை. நாற்பத்தொரு வருஷப் பழக்கத்தில், சிரிக்காமல் அவள் சொன்னது எதுவும் நடக்காமல் போனதில்லை.

அன்றைக்கே புது ஃபைல் திறந்தார். செடிகளுக்கு சீனியாரிட்டி லிஸ்ட் போட்டார். எந்தச் செடி எந்தக் குழிக்குப் போகிறது என்று கட்டம் போட்டு வரைந்தார். கருஞ்சிவப்பும் வெள்ளையும் நெருக்கமாக வளர்ந்து கிளை பின்னிக் கிடந்ததால் அவற்றை "பதி-பத்னி கேஸ்" என்று குறித்து, அடுத்தடுத்த குழி ஒதுக்கினார். கணவனும் மனைவியும் அரசு வேலையில் இருந்தால் ஒரே ஊரில் போடுவதற்கு ஆபீஸில் அப்படித்தான் பேர். பன்னீர் ரோஜாவைக் கடைசியில் போட்டார். காலையில் பூத்து மத்தியானத்துக்குள் உதிர்ந்துவிடும் பூ; அரை நாள் லீவு போடுகிற ஆளை அவருக்கு எப்போதும் பிடிக்காது.

தசரா முடிந்து, மழை சற்று ஓய்ந்த வாரத்தில் ஸ்ரீராம்புரத்திலிருந்து முனிராஜ் வந்தார். தோட்ட வேலையில் அந்த வட்டாரத்தில் அவரைக் கேட்காமல் யாரும் ஒரு தொட்டியைக்கூட நகர்த்த மாட்டார்கள். ஏழு செடியையும் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்.

"கரெக்ட் டைம் சார். மழையும் போச்சு, வெயிலும் வரல. மொதல்ல கவாத்து பண்ணிடணும். முழங்கால் அளவுக்கு வெட்டிடுவேன். இலை, மொட்டு ஒண்ணும் வைக்கக் கூடாது. அம்மா பாத்தா பேஜாராயிடுவாங்க, உள்ளே போகச் சொல்லுங்க."

அம்மா உள்ளே போகவில்லை. சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தாள். இருந்த பூக்களை எல்லாம் முதலில் தானே பறித்துக்கொண்டு போய் சுவாமிக்கு வைத்தாள். பிறகு முனிராஜ் கத்தரியை எடுத்து, ஆளுயரம் இருந்த ஏழு செடிகளையும் வெறும் குச்சிகளாக்கினார். மூன்றாவது செடி வரைக்கும் தாங்கிக்கொண்டாள். நாலாவதில் ஜன்னலைச் சாத்திவிட்டாள். ஸ்ரீகண்டனும் ஒரு தடவை "போதும்" என்று சொல்லப் பார்த்தார். ஆனாலும் உத்தரவு உத்தரவுதான்.

மறுநாள் தோண்டினார்கள். முந்தின சாயங்காலமே மண்ணை நனைத்து வைத்திருந்தார்கள். முனிராஜ் ஒவ்வொரு செடியையும் சுற்றி ஒரு முழம் தள்ளி வட்டமாகக் கடப்பாறை போட்டு, அடியில் மெதுவாக நெம்பி, மண் உருண்டை உதிராமல் தூக்கினார். ஸ்ரீகண்டன் ஒரு கையில் குடையும் ஒரு கையில் லிஸ்ட்டுமாக நின்று, "சீரியல் நம்பர் ரெண்டு... மூணு..." என்று டிக் போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், அந்தப் பேப்பரை ஓரமா வச்சுட்டு இந்தச் சாக்கைக் கொஞ்சம் பிடிங்க."

பிடித்தார். ஈரச் சாக்கைச் சுற்றிச் சணல் கட்டுவதற்குள் கட்டை விரலில் ஒன்று, உள்ளங்கையில் ஒன்று, வேட்டியில் மூன்று முட்கள் ஏறின. தான் மாற்றியனுப்பிய யாரும் இப்படித் திருப்பிக் குத்தியதில்லையே என்று நினைத்துக்கொண்டார்.

கூட்ஸ் ஆட்டோவில் ஏழு மூட்டைகளையும் ஏற்றினார்கள். மண் உருண்டை ஆடி உடைந்துவிடக் கூடாது என்று ஸ்ரீகண்டன் பின்பக்கம் ஏறி, குச்சிகளுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். யஷ்வந்தபுரம் சிக்னலில் பக்கத்து பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு பெண் போட்டோ எடுத்தாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நாகசந்திராவில் மண் சரியில்லை. கட்டடம் கட்டினவன் மிச்சமிருந்த ஜல்லி, உடைந்த டைல்ஸ், சிமெண்ட் கட்டி எல்லாவற்றையும் அங்கேதான் புதைத்திருந்தான். முனிராஜ் முடிந்த வரைக்கும் பொறுக்கிப் போட்டார். குழியில் செம்மண்ணும் மக்கின எருவும் நிரப்பி, ஒட்டுக் கட்டின முண்டு மண்ணுக்கு மேலே தெரிகிற மாதிரி நட்டார். மேலே காய்ந்த இலைகளைப் பரப்பினார்.

"சார், கேட்டுக்கோங்க. இன்னும் ஒரு மாசம், ஒன்றரை மாசம் குச்சியாத்தான் நிக்கும். பயப்படக் கூடாது. தண்ணி வாரத்துக்கு ரெண்டு வாட்டி, ஸ்வல்பம் போதும். இங்க அடியில கெட்டி மண்ணு, தண்ணி எறங்காது. ஜாஸ்தி ஊத்தினா வேரு அழுகிடும்."

வாட்ச்மேன் சரவணனிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். திங்கள், வியாழன், ஆளுக்கு ஒரு சொம்பு. சரவணன் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலிலேயே ஸ்ரீகண்டனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "ஆச்சு சார்" என்று கீழே இருப்பவர்கள் சொன்னால் ஆகவில்லை என்று அர்த்தம்; முப்பத்தொரு வருஷத்தில் அவர் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான்.

ஆகவே செவ்வாய்க்கிழமை காலை, "பென்ஷன் ஆபீஸ்ல ஒரு வேலை" என்று சொல்லிவிட்டு மெட்ரோ ஏறினார். போய்ப் பார்த்தால் இலைச் சருகு மேலாகக் காய்ந்து கிடந்தது. "தண்ணி ஊத்தினியா?" என்றார். "நேத்தே ஊத்திட்டேன் சார்," என்றான் சரவணன். ஸ்ரீகண்டன் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, பக்கெட்டை எடுத்து ஆளுக்கு அரை பக்கெட் ஊற்றினார். புதன்கிழமையும் ஊற்றினார். அதற்கப்புறம் அது தினசரி வழக்கமாகிவிட்டது. ஒரு நாள் நுனி வெட்ட வீட்டுக் கத்தரியைப் பையில் போட்டுக்கொண்டு போய், சம்பிகே ரோடு ஸ்டேஷன் சோதனையில் மாட்டிக்கொண்டு, திரும்பி வீட்டுக்கு வந்து வைத்துவிட்டு மறுபடி போனார். ஆனால் ஒரு நாளும் தவறவில்லை.

"பென்ஷன் ஆபீஸ்ல தினம் என்ன வேலை?" என்று அனந்தலக்ஷ்மி கேட்பாள் என்று பயந்தார். அவள் கேட்கவில்லை. அவளுக்கு வேறு ஜோலி வந்திருந்தது. கோயிலில் பாராயணம் என்று தினம் மத்தியானம் இரண்டரைக்குப் புறப்பட்டு ஐந்து மணிக்கு மேல் வந்தாள். பகவான் புண்ணியத்தில் பெண்டாட்டி கவனம் வேறு பக்கம் திரும்பியது என்று ஸ்ரீகண்டன் நிம்மதியாக இருந்தார்.

நவம்பர் இரண்டாம் வாரத்தில் வெள்ளை ரோஜாவின் நுனி கறுத்தது. மூன்று நாளில் கறுப்பு பாதி வரைக்கும் இறங்கியது. அடுத்து கருஞ்சிவப்பு. பதி-பத்னி கேஸ் ஆயிற்றே, சேர்ந்தே போனார்கள். பிறகு மஞ்சளில் ஒன்று. தாகம்தான் காரணம் என்று ஸ்ரீகண்டன் முடிவு கட்டி, அரை பக்கெட்டை முழு பக்கெட்டாக்கினார்.

"செடி எல்லாம் எப்படி இருக்கு?" என்று ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டில் அனந்தலக்ஷ்மி கேட்டாள்.

"எல்லாரும் ஜாயின் பண்ணியாச்சு," என்றார். தட்டைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். அவளும் தட்டைப் பார்த்துக்கொண்டு, "சந்தோஷம்," என்றாள்.

கடைசி வாரத்தில் முனிராஜ் பார்க்க வந்தார். கறுத்துப்போன வெள்ளை ரோஜாவை லேசாக இழுத்தார். பாலில் போட்ட பிஸ்கட் மாதிரி கையோடு வந்துவிட்டது. குழிக்குள் தண்ணீர் நின்றது.

"இன்னா சார் இது? ரோஜா வச்சனா, நெல்லு நட்டனா? யாரு இவ்ளோ தண்ணி ஊத்தினது?"

ஸ்ரீகண்டன் சட்டென்று சரவணனைப் பார்த்தார். பழக்கதோஷம்.

சரவணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் திங்க, வியாழன்தான் சார், ஒரு சொம்பு. நீங்கதான் தினம் காலைல பக்கெட்டு பக்கெட்டா ஊத்துறீங்க. அப்புறம் மத்தியானம் அந்த அம்மா வந்து ஊத்துறாங்க."

"எந்த அம்மா?"

சரவணன் வாயை மூடிக்கொண்டான். சொல்லக் கூடாது என்று அந்த அம்மா கேட்டுக்கொண்டதாக மட்டும் சொன்னான். ஆனால் கேட்டில் வருகைப் பதிவேடு என்று ஒன்று இருக்கிறதே. பதிவேடு என்றால் ஸ்ரீகண்டனுக்குக் கேட்கவா வேண்டும். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நின்றபடியே பக்கம் பக்கமாகப் புரட்டினார். நவம்பர் மூன்றாம் தேதியிலிருந்து தினமும் ஒரே கையெழுத்து. வட்ட வட்டமான, நன்றாகத் தெரிந்த கையெழுத்து. பெயர், அனந்தலக்ஷ்மி. ஊர், மல்லேஸ்வரம். நேரம், மூன்று பத்து. காரணம், தோட்டம். இருபத்துமூன்று தடவை வந்திருந்தாள்.

ஸ்ரீகண்டன் பதிவேட்டை மூடினார். எல்லாம் பட்டென்று விளங்கிவிட்டது. நாலு செடி பிழைத்தால் வர வேண்டும். பிழைக்காவிட்டால் வர வேண்டாம். அதனால் ரகசியமாக வந்து தண்ணீர் விட்டு அழுக வைத்திருக்கிறாள்! பாராயணமாம், கோயிலாம். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தவளா இப்படிச் செய்வாள்? திரும்பி வரும்போது மெட்ரோவில் நின்றுகொண்டே மனசுக்குள் குற்றச்சாட்டு மெமோ எழுதினார். பீன்யா ஸ்டேஷன் வருவதற்குள் நாலு குற்றச்சாட்டு ஆகியிருந்தது. ஐந்தாவதை எழுதும்போது கோபம் போய்விட்டது. அந்த அளவுக்கு அவளுக்குத் தன்னோடு வர இஷ்டமில்லையா?

இருந்தாலும் கையும் களவுமாகப் பிடிக்காமல் எந்த விசாரணையும் நிற்காது. மறுநாள் காலை வழக்கம் போலப் புறப்பட்டு, நாகசந்திராவில் தன் காலி ஃப்ளாட்டைத் திறந்து, பின்பக்க அறையில் ஜன்னலைக் கொஞ்சம் மட்டும் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நாற்காலிகூட இல்லை. தரையில் நியூஸ்பேப்பர் விரித்து, இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு, மூன்று மணி வரைக்கும் காத்திருந்தார்.

மூன்று பத்துக்கு அனந்தலக்ஷ்மி வந்தாள். தோளில் துணிப்பை. அதிலிருந்து இரண்டு பெரிய பாட்டில்களை எடுத்தாள். கலங்கலாக இருந்தது, அரிசி களைந்த தண்ணீர். அதை மல்லேஸ்வரத்திலிருந்து சுமந்துகொண்டு வந்திருக்கிறாள். விரிசல் விட்ட வலது கையில் கனம் தாங்காமல் இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மண்ணில் உட்கார்ந்தாள். பிறகு செடிகளிடம் பேச ஆரம்பித்தாள்.

"ஏண்டி, உனக்கு என்ன கேடு வந்தது? அங்கே மாடு கடிச்சே பொழச்சவ நீ. இங்கே என்ன குறை? காத்து வரது, வெயில் வரது. நன்னா குடி. அந்த மனுஷர் முள்ளு குத்திண்டு உன்னைக் கொண்டு வந்து வச்சிருக்கார். ராத்திரி தூக்கத்துல உன் நம்பரைச் சொல்லி உளர்றார். அவருக்காகவாவது ஒரு தளிர் விடேன்."

ஸ்ரீகண்டனின் மெமோ அங்கேயே கிழிந்தது. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடி மங்கலாகிவிட்டது. செடி செத்தால் ஜெயிப்பது அவள். அவள் போய் அதைக் காப்பாற்றப் பார்க்கிறாள். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

அனந்தலக்ஷ்மி திடுக்கிட்டுத் திரும்பினாள். "நீங்க பென்ஷன் ஆபீஸ்ல இல்லே?"

"நீ பாராயணத்துல இல்லே?"

அவர் குனிந்து ஒரு பாட்டிலை எடுத்துப் பார்த்தார்.

"இது செத்தா நீதானே ஜெயிப்பே?" என்றார் ஸ்ரீகண்டன்.

"நான் வரமாட்டேன்னுதான் சொன்னேன். அதுக்காக அது சாகணும்னு சொன்னேனா?"

அவர் மெதுவாக, தான் தினம் காலையில் செடிக்கு ஒரு பக்கெட் ஊற்றுவதைச் சொன்னார். அவள் தினம் இரண்டு பாட்டில் என்றாள். இலைச் சருகு காய்ந்திருந்தால் சரவணனிடம் ஒரு பக்கெட் வாங்கி ஊற்றினதும் உண்டு என்றாள். முனிராஜ் சொன்னதை அவர் சொன்னார். அனந்தலக்ஷ்மி வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"அடப்பாவமே. அப்போ நாமளே ரெண்டு பேருமாச் சேர்ந்து மூழ்கடிச்சிருக்கோம்."

முதலில் அவளுக்குத்தான் சிரிப்பு வந்தது. பிறகு அவருக்கும் வந்தது. சிரித்துக்கொண்டே அவள் எழப் பார்த்தாள், முழங்கால் பிடித்துக்கொண்டது. ஸ்ரீகண்டன் கை கொடுத்து இழுத்தார். எழவில்லை. இரண்டாவது தடவை இழுத்ததில் அவருக்கே கால் இடறியது. கேட்டிலிருந்து சரவணன் ஓடி வந்து அவளைத் தூக்கி நிறுத்தினான்.

அவன் போன பிறகு ஸ்ரீகண்டன் சொன்னார். "அன்னிக்குப் பின்கட்டுல உன்னைத் தூக்க முடியலையே. அதுக்கப்புறம் எனக்குத் தூக்கமே இல்லை. அந்தப் படியைப் பாத்தாலே பயமா இருக்கு. அதான் இதை வாங்கினேன்."

"இது அந்த ஒன்பது காரணத்துல இல்லையே."

"அதை எப்படி எழுதறது?"

அனந்தலக்ஷ்மி முந்தானையால் கையிலிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டாள். வீடு வரைக்கும் மெட்ரோவில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள்.

அதற்கப்புறம் இரண்டு பேரும் தண்ணீர் விடுவதை நிறுத்தினார்கள். முனிராஜ் பாத்திக்கு ஓரமாக வாய்க்கால் வெட்டி, நின்ற தண்ணீரை வடிய விட்டார். ஸ்ரீகண்டனின் கையில் பக்கெட்டைக் கொடுக்கக் கூடாது என்று சரவணனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். ஸ்ரீகண்டன் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு வந்தார். டிசம்பர் நடுவில் ஆரஞ்சு போயிற்று. இன்னொரு மஞ்சள் போயிற்று. க்ரீம் நிறம் மட்டும் பச்சையாகவே நின்று ஆசை காட்டிவிட்டு, ஒரு வாரத்தில் அதுவும் கறுத்தது. ஏழாவது குச்சியில் ஒரு அசைவும் இல்லை.

வருஷக் கடைசியில் ஒரு நாள் முனிராஜே போன் பண்ணினார். "சார், ஒண்ணு தளிர் விட்டிருக்கு. அந்தப் பன்னீரு. மத்ததெல்லாம் ஒட்டுச் செடி சார், தாங்கல. இது சொந்த வேரு." ஸ்ரீகண்டன் அரை மணி நேரத்தில் அங்கே இருந்தார். அடித்தண்டில், மண்ணுக்குச் சற்று மேலே, மிளகாய் விதை அளவுக்குச் சிவப்பாக இரண்டு இடத்தில் முட்டிக்கொண்டு வந்திருந்தது. சீனியாரிட்டியில் கடைசியில் போட்ட அரை நாள் லீவுக்காரி. குனிந்து பார்த்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருந்தது. சரவணன் பார்த்துக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை.

பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபைலை எடுத்துக்கொண்டு வந்து அனந்தலக்ஷ்மியின் எதிரில் உட்கார்ந்தார். அவள் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். பேச்சு பேச்சுதான், ஏழில் நாலு என்று சொன்னது சொன்னதுதான். இந்த விஷயத்தில் அவர் நேர்மையான மனுஷர்.

"ஏழுல ஒண்ணுதான் பொழச்சிருக்கு. நாலுன்னு பேச்சு. நான் தோத்தாச்சு. ஆர்டர் கேன்சல். ஃப்ளாட்டை வாடகைக்கு விட்டுடலாம். அந்தப் பின்கட்டுப் படிக்கு ஒரு கைப்பிடி போட்டுக்கலாம்."

"எது பொழச்சது?"

"பன்னீர்."

அவள் கையிலிருந்த மொச்சையைக் கீழே வைத்தாள். "அதைத் திரும்ப இங்கேயே கொண்டு வந்துடலாமா?"

"முனிராஜைக் கேட்டேன். இப்பதான் கஷ்டப்பட்டு வேர் பிடிச்சிருக்காம். மறுபடி பிடுங்கினா நிச்சயமாப் போயிடுமாம்."

அனந்தலக்ஷ்மி மறுபடி மொச்சையை எடுத்தாள். வெளியே தள்ளுவண்டிக்காரன் கூவிக்கொண்டு போனான். ஸ்ரீகண்டன் ஃபைலை மூடி நாடாவைக் கட்டப் பார்த்தார். முடிச்சு விழவில்லை. அதை அப்படியே தரையில் வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார். ஆயிரக்கணக்கான உத்தரவு எழுதிய மனிதருக்கு அடுத்த வாக்கியம் வருவதற்கு வெகு நேரம் ஆயிற்று.

"லக்ஷ்மி, எனக்கு உன்னை இங்கே வச்சுண்டு இருக்கப் பயமா இருக்கு. தனியா அங்கே போகவும் முடியாது. நீ சொல்லு. அங்கே போகலாமா? நீ வரியா?"

அனந்தலக்ஷ்மி முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தாள்.

"இந்த ஒரு வார்த்தையை ஜூலையில கேட்டிருந்தேள்னா, மத்த ஆறும் இன்னிக்குப் பூத்திண்டிருக்கும்."

சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மெட்ரோ கார்டைத் தேடப் போனாள்.